வடக்குச் சுவரில் ஒரு வெள்ளைக் குழாய்

ஸ்டோன்க்ளீ, நார்த்தம்பர்லேண்ட்
நவம்பர் 18

அன்புள்ள தம்பி கிளிஃபுக்கு,

நீயும் ஐரிஸும் நலமா? நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத இன்றைக்குத் தெம்பில்லை. நாங்கள் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீ.

காலை ஆறரைக்குக் கண் விழித்தால் மூக்கு நுனி மரத்துப் போயிருக்கிறது. பின்கட்டுக்கு ஓடினேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீ மாட்டிவிட்டுப் போன பாய்லர், தொண்டையில் தண்ணீர் சிக்கியவன் மாதிரி கொடகொடவென்று சத்தம் போட்டது. அப்புறம் அணைந்தது. சிவப்பு விளக்கு மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. பொத்தானை அழுத்தினால் மறுபடி கொடகொட, மறுபடி சிவப்பு. மதியம் கொஞ்சம் வெயில் வந்ததும், எதுவுமே நடக்காததுபோல் தானாக ஓட ஆரம்பித்தது.

உனக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். உன் மாமா ரே ஆகஸ்டிலிருந்து முன்னறையில் கட்டிலோடு கிடக்கிறார். முப்பது வருடம் கல்குவாரித் தூசியைத் தின்ற நுரையீரல். குளிர் பட்டால் மூச்சு இழுக்கிறது. வீடு பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது என்று நர்ஸ் ஜோசி சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இன்று காலை அது பன்னிரண்டு காட்டியது.

நம் வீட்டுக் குழாயை வெளி ஆள் தொட்டதே கிடையாது. அப்பா இருந்தவரை அப்பா, அவருக்குப் பிறகு நீ. அதனால் மரியாதையாக ரயிலேறி வந்து இதைச் சரிசெய். நான் ஃபோன் செய்யப் போவதில்லை. அம்மாவின் கடிகாரம் விஷயமாக நாம் கத்திக்கொண்ட பிறகு, இனிமேல் பேச்சு கடிதத்தில்தான் என்று சொன்னவன் நீ. ஃபோனை முதலில் எடுப்பவளும் நானாக இருக்க மாட்டேன்.

ஐரிஸுக்கு என் அன்பு.

அக்கா
வின்னி

---

பெய்ன்டன், டெவன்
நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மாமா உடம்பு பற்றிப் படித்து வருத்தம்.

பாய்லருக்கு ஒன்றும் இல்லை. அது ஓடும்போது புகையிலிருக்கும் ஈரம் தண்ணீராகி, வடக்குச் சுவர் வழியாக வெளியே போகும் வெள்ளைக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். கடுங்குளிரில் அந்தச் சொட்டு குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். போக வழியில்லாத தண்ணீர் திரும்பி மேலே ஏறும். பாய்லருக்குப் புத்தி உண்டு, தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். நீ கேட்ட கொடகொட அதுதான்.

அடுத்த முறை உறைந்தால் தண்ணீரைச் சுடவைத்துக் குழாய்மேல் ஊற்று. கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே, குழாய் வெடிக்கும். கை பொறுக்கிற சூடு போதும். ஊற்றிய தண்ணீர் முற்றத்தில் உறைந்து வழுக்கும், உப்புப் போடு. பிறகு பாய்லர் பொத்தானை ஒரு தடவை அழுத்து. ஒரு தடவைதான். நீ பியானோ வாசிப்பதுபோல் அழுத்துவாய் என்று எனக்குத் தெரியும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி
கிளிஃப்

---

ஸ்டோன்க்ளீ
டிசம்பர் 1

அன்புள்ள கிளிஃப்,

நலம்தானே? உனக்கென்ன, நலமாகத்தான் இருப்பாய். உன் ஊரில் கடற்கரை ஓரமாகப் பனை மரம் மாதிரி ஏதோ நட்டு வைத்திருக்கிறார்களாம். இங்கே ஆட்டுத் தொட்டியில் தண்ணீரைக் கோடரியால் உடைக்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். நீ ஏன் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதுகிறாய்? காகிதத்தை மிச்சம் பிடித்து என்ன கோட்டை கட்டப் போகிறாய்? பள்ளிக்கூடத்தில் உன் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும்! ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் பிடிக்கும். 'கொதிக்கக் கொதிக்க ஊற்று' என்று படித்துவிட்டு, ஏதோ இடிக்கிறதே என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். 'ஊற்றாதே' என்று இருந்தது. உன் கடிதத்துக்காகப் பூதக்கண்ணாடி வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி உறைந்தது. கெட்டிலோடு வெளியே போனேன். ஊற்றினேன். ஓடியது. சரி, தினமும் இந்தக் கூத்து வேண்டாம், குழாய்க்கு ஏதாவது போர்த்திவிடலாம் என்று ரேயின் பழைய ஃபுட்பால் மஃப்ளர் இரண்டையும் எடுத்துச் சுற்றிக் கட்டினேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா, சிவப்பும் வெள்ளையுமாக. அன்று ராத்திரி மழை, அதன்மேல் பனி. மஃப்ளர் கல்லாகிவிட்டது. குழாயைச் சுற்றி நானே ஒரு ஐஸ் கட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். அதைக் கரைக்கவே மூன்று கெட்டில் தண்ணீர் ஆயிற்று.

அதற்குள் ஜோசி வந்துவிட்டாள். வெப்பமானி பதின்மூன்று. அவள் நல்ல பெண்தான், ஆனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நோட்டில் குறித்துக்கொண்டாள். "மிசஸ் ராப்சன், நீங்க கவனிக்கலைன்னு நான் சொல்லலை. ஆனா இப்படியே போனா அவரை ஹெக்ஸம்ல இருக்குற முதியோர் ஹோமுக்குத்தான் மாத்தணும். இந்தக் குளிர்ல அவர் மூச்சு தாங்காது" என்றாள். ரே என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

ஐம்பத்தோரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். ஒரு குழாய்க்காக அவரை அனுப்ப மாட்டேன். எப்போது வருகிறாய்? போன கடிதத்தில் அதற்கு நீ பதிலே எழுதவில்லை.

அக்கா

---

பெய்ன்டன்
டிசம்பர் 7

அன்புள்ள அக்கா,

நலம். மஃப்ளர்! முப்பத்தொரு வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன், குழாய்க்கு மஃப்ளர் கட்டியவரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கம்பளி ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் உறையும். எங்கே போய் முட்டிக்கொள்வது?

கடையில் கறுப்பு ஃபோம் உறை கிடைக்கும், நீளமாக, நடுவில் பிளந்திருக்கும். வெளியில் போடுவதற்கு என்று கேட்டு, தடிமனானதாக வாங்கு. குழாய் முழுக்கப் போடு. சேரும் இடத்தில் எல்லாம் மழை புகாத டேப் ஒட்டு. குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்ப் இருக்கும் இடத்திலும், எல்போ வளைவிலும் இடைவெளி விடாதே. விரலளவு விட்டாலும் குளிர் அங்கேதான் புகும். கடுங்குளிர் என்று ரேடியோவில் சொன்னால் பாய்லரை அணைக்காமல் விட்டுவிடு. ஓடிக்கொண்டே இருந்தால் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும், தேங்காது.

ஐரிஸுக்கு முழங்கால் வலி. இப்போதைக்கு வர முடியாது.

கிளிஃப்

---

ஸ்டோன்க்ளீ
டிசம்பர் 16

கிளிஃப்,

சௌக்கியம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஐரிஸின் முழங்காலை மட்டும் விசாரித்ததாகச் சொல். அவள் முழங்காலைக் கொண்டா நீ சுவரில் ஓட்டை போடப்போகிறாய்?

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். எழுபத்து நாலு வயதில், இரண்டு கோட்டும் ரேயின் தொப்பியும் போட்டுக்கொண்டு, வடக்குச் சுவரோரம் மண்டிபோட்டு ஆறு மீட்டர் குழாய்க்கும் உறை மாட்டினேன். டேப் ஒட்டினேன். எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் நின்று, ஒட்டுகிறேனா கழற்றுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நாள் ராஜபோகமாக ஓடியது. ஐந்தாம் நாள் காலை மைனஸ் பதினொன்று. கொடகொட.

வெளியே நின்று கெட்டிலைச் சாய்த்துக்கொண்டிருக்கிறேன். முன்னறை ஜன்னலை உள்ளேயிருந்து தட்டும் சத்தம். ரே, மூச்சு வாங்க வாங்க, "வின்! எல்போவுக்குக் கீழ ஊத்து! மேல ஊத்தி பிரயோஜனமில்ல!" என்கிறார்.

உள்ளே போய், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒம்பது வருஷமா நான்தானே ஊத்துறேன்" என்றார்.

கேட்டாயா, கிளிஃப்? பனி பெய்த ஒவ்வொரு நாளும் இந்த மனுஷன் ஐந்தரைக்கு எழுந்து, கெட்டில் போட்டு, வெளியே போய்க் குழாயை இளக்கிவிட்டு வந்திருக்கிறார். நான் எழுந்து வரும்போது வீடு கதகதப்பாக இருக்கும், கட்டிலருகே டீ இருக்கும். எனக்கு டீ போடத்தான் இந்த மனுஷன் இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்!

"அப்போ டீ?" என்றேன்.

"மிச்சத் தண்ணியில போட்டது" என்றார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ உன் தம்பியை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்ப. ஏற்கெனவே ஃபோன் பேச்சு நின்னாச்சு. லெட்டரும் நின்னுடும். அப்புறம் உனக்கு யாரு இருக்கா?" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை, இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டே கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்மேலும் கோபம், உன்மேலும் கோபம், யாரை முதலில் திட்டுவது என்றே தெரியவில்லை.

அப்படியானால் இது இந்த வருடத்துக் குளிரால் வந்த வினை இல்லை. முதல் நாளிலிருந்தே இது கோணல். நீ பெரிய கைகாரன், இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீட்டுக்குப் பாய்லர் மாட்டியவன். சொந்த அக்கா வீட்டில் மட்டும் ஏன் இப்படி ஒல்லிக் குழாயை, ஆறு மீட்டருக்கு, வெயிலே படாத சுவரில் விட்டாய்? எனக்குப் பதில் வேண்டும்.

வின்னி

---

ஸ்டோன்க்ளீ
டிசம்பர் 29

கிளிஃப்,

பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வந்தது, அதிலும் ஐரிஸின் கையெழுத்து. உன் பெயரையும் அவளே போட்டிருக்கிறாள். கையெழுத்துப் போடக்கூடவா உனக்கு நேரமில்லை?

சரி, கேட்டுக்கொள். நான் வெளி ஆளைக் கூப்பிட்டேன். அப்பா இருந்தால் என்னை வீட்டை விட்டுத் துரத்தியிருப்பார், பரவாயில்லை. ஆல்ஸ்டனிலிருந்து வேன் வைத்துக்கொண்டு ஒருவன் வந்தான், நாற்பது வயதிருக்கும். குழாயை மேலேயும் கீழேயும் பார்த்தான். பல்லைக் காட்டினான். "யாரும்மா இதைப் போட்டது? கண்ணைக் கட்டிக்கிட்டுப் போட்டாரா? வேலை தெரிஞ்சவன் எவனாவது இப்படிப் பண்ணுவானா?" என்றான்.

"என் தம்பி போட்டது. நீ தொட்டில்ல கிடந்தப்பவே அவன் இந்த ஊருக்கெல்லாம் பாய்லர் மாட்டினவன். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றேன்.

"வேலையைத்தானே பார்க்கிறேன், இது எவ்வளவு மட்டமான..." என்று ஆரம்பித்தான்.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "போயிட்டு வா" என்றேன்.

போய்விட்டான். நான் என்ன செய்தேன் என்று அவன் வேன் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஊரெல்லாம் குழாய் உறைந்து கிடக்கிறது, பிப்ரவரி கடைசி வரை ஆள் கிடையாதாம். ஜோசி நேற்று வந்து, ஹோமில் ஒரு கட்டில் ஜனவரி இருபத்தைந்திலிருந்து ரேயின் பெயரில் வைத்திருக்கிறார்கள் என்றாள். அதற்குள் வீடு சூடாக நிலைத்தால் விட்டுவிடுவார்களாம். ரே சம்மதித்துவிட்டார். "உன்னைக் கெட்டிலோட வெளிய பார்க்கிறதுக்கு அங்கேயே போயிடுறேன் வின்" என்கிறார்.

உன்னைக் காப்பாற்றப் போய் நான் அவரை அனுப்பப்போகிறேன். இப்போதாவது வா.

வின்னி

---

பெய்ன்டன்
ஜனவரி 4

அக்கா,

அந்தக் குழாயை வெளியே விடச் சொன்னது நீ.

மறந்துவிட்டாயா? அப்போதுதான் சமையலறைச் சுவருக்கு ரோஜாப்பூ டைல்ஸ் ஒட்டியிருந்தாய். உள்பக்கமாகக் கொண்டுபோய் சிங்க் குழாயில் சேர்த்துவிடலாம், இரண்டரை மீட்டர்தான், ஒருநாளும் உறையாது என்றேன். இடுப்பில் கைவைத்து நின்றாய். "என் டைல்ஸ் மேல ஒரு பிளாஸ்டிக் குழாய் போச்சுன்னா உன்னைக் கொன்னுடுவேன்" என்றாய். உன்னை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் ஆல்ஸ்டன்காரன் சொன்னதும் சரிதான். தப்பு என்று தெரிந்தே செய்தேன். வண்டியில் தடிக் குழாய் இல்லை, இருந்ததை வைத்து முடித்தேன். இதே தப்புக்காக, என்னோடு வேலை செய்தவர்களை நான் திட்டியிருக்கிறேன்.

நான் வந்து பிரயோஜனமில்லை. கேட்காதே.

கிளிஃப்

---

பெய்ன்டன்
ஜனவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

ஐரிஸ் எழுதிக்கொள்வது. அண்ணன் எப்படி இருக்கிறார்? என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போன வசந்தத்திலிருந்து அவருக்குக் கை நடுங்குகிறது. முதலில் வலது கை, இப்போது இரண்டும். டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார். எழுத்து சின்னதாகிக்கொண்டே போவதும் அதனால்தான், அண்ணி. பெரிதாக எழுதவேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறார், மூன்றாவது வார்த்தையில் சுருங்கிவிடுகிறது. உங்களுக்கு ஒரு பக்கம் எழுத அவருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆகிறது. நான்கைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதை அனுப்புகிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில் பேனாவே நிற்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க முடிவதில்லை. அதுதான் வரமாட்டேன் என்கிறார். உங்கள் முற்றத்தில் கருவியோடு நின்று கை உதறுவதை நீங்கள் பார்க்கக் கூடாதாம். நான் எழுதிவிடட்டுமா என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "வேண்டாம். தெரிஞ்சா அக்கா என்னைத் திட்டமாட்டா. அவ என்னைத் திட்டுறதை நிறுத்திட்டா, நான் முடிஞ்சேன்னு அர்த்தம்" என்கிறார். உங்கள் கடிதம் வந்தால் எனக்குப் படித்துக் காட்டுவார். நீங்கள் திட்டும் இடங்களை மட்டும் இரண்டு தடவை படிப்பார்.

என்னைக் காட்டிக் கொடுத்தாலும் பரவாயில்லை.

உங்கள்
ஐரிஸ்

---

ஸ்டோன்க்ளீ
ஜனவரி 9

டேய் கிளிஃப்,

ஐரிஸ் எழுதிவிட்டாள். அவளை ஒரு வார்த்தை சொன்னாய் என்று கேள்விப்பட்டால் நான் அங்கே வந்து உன்னைக் கடலில் தள்ளுவேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். இதை ஒரு தடவைதான் எழுதுவேன், மறுபடி கேட்காதே. உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். மாதத்துக்கு மாதம் எழுத்து சுருங்கிக்கொண்டே வருவது நன்றாகத் தெரிகிறது. நான் காகிதத்தை மிச்சம் பிடிக்கிறாயா என்று கேட்டிருக்கிறேன். எனக்கெல்லாம் என்ன கண் இருக்கிறது?

இப்போது திட்டு. இருக்கிற முட்டாள்களிலேயே பெரிய முட்டாள் நீ. கை நடுங்கினால் நடுங்கட்டும். வாயும் நடுங்குகிறதா? மூளையும் நடுங்குகிறதா? எந்தக் குழாய் எங்கே போகவேண்டும் என்று உன் தலைக்குள் இருப்பதை உதறி எடுக்க எந்த வியாதியாலும் முடியாது. என் கை நடுங்கவில்லை. நாற்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்த கை. ரேயின் டிரில் மெஷின் ஷெட்டில் இருக்கிறது. நீ பின்கட்டில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார். சொல்லு. நான் துளைக்கிறேன்.

டைல்ஸ் விஷயம் ஞாபகம் வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்தது உட்பட எல்லாம். அதைப் பற்றி நேரில் சண்டை போடலாம்.

கட்டில் இருபத்தைந்தாம் தேதி. ரேயின் பெட்டியில் பைஜாமா மடித்து வைத்துவிட்டேன். அதை நான் திரும்ப எடுத்து அலமாரியில் வைக்கவேண்டும். வருகிறாயா, இல்லையா?

அக்கா

---

பெய்ன்டன்
ஜனவரி 13

அக்கா,

பதினெட்டாம் தேதி ரயில். ஐரிஸும் வருகிறாள். 32 மில்லி குழாய் மூன்று மீட்டர், எல்போ இரண்டு, பசை ஒரு டப்பா வாங்கி வை. கத்துவதை நான் டீ குடித்த பிறகு வைத்துக்கொள்.

கிளிஃப்

---

ஸ்டோன்க்ளீ
பிப்ரவரி 10

அன்புள்ள தம்பி கிளிஃபுக்கு,

நீயும் ஐரிஸும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பெட்டியில் வைத்த கேக் நசுங்கவில்லையே? இங்கே நாங்கள் நலம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு இரண்டு வாரம் வெறும் மழைதான். எனக்கானால் ஆத்திரம். வேண்டாத போதெல்லாம் குளிர்ந்து தொலைத்தது, குழாயைச் சோதிக்கவேண்டும் என்றால் ஊரே சொதசொத. ஜோசி கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டாலும், "அடுத்த பனி வரட்டும், பார்க்கலாம்" என்றாள். நானும் தினமும் ரேடியோவைத் திட்டிக்கொண்டே காத்திருந்தேன்.

நேற்று வந்தது. காலை மைனஸ் பன்னிரண்டு. விழிப்பு வந்ததும் எழுந்திருக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். கொடகொட இல்லை. பின்கட்டுக்குப் போனால் பாய்லர் ஒரே சீராக ஓடுகிறது. சிங்குக்குக் கீழே குனிந்து காதை வைத்தேன், சொட்டு... சொட்டு... என்று இறங்குகிறது. வெப்பமானி இருபது. பத்து மணிக்கு ஜோசி வந்து அதை விரலால் தட்டிப் பார்த்தாள். பொய் சொல்கிறதோ என்று தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தாள். அதுவும் இருபது. "யாரைக் கூப்பிட்டீங்க மிசஸ் ராப்சன்?" என்றாள். "வெளி ஆள் யாரும் இல்லை" என்றேன்.

குழாய் என் டைல்ஸ் மேல் முழங்கால் உயரத்தில் கோணலாகப் போகிறது. பார்க்கச் சகிக்கவில்லை. ரோஜாப்பூ டைலில் ஒன்று விரிசல் விட்டுவிட்டது, அது என் கைவண்ணம். குழாய் நுழையச் சுவரில் வட்டமாகப் பதினாறு சின்ன ஓட்டை போடச் சொன்னாய், நான் பதினேழு போட்டேன், அதுதான். எதிர்வீட்டுக்காரி வந்து, "என்ன வின்னி, குழாய் சாய்ஞ்சிருக்கே, சரியா மாட்டலையா?" என்று கேட்டாள். "சாய்ஞ்சாத்தான் தண்ணி போகும். ஒரு மீட்டருக்கு நாலரை சென்டிமீட்டர். தெரியாத விஷயத்துல பேசாதே" என்றேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும்.

ஒன்று எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை நீ குழாய்மேல் பிடித்தாய். உன் கையோடு சேர்ந்து அதற்குள்ளிருக்கும் குமிழியும் ஓடிக்கொண்டே இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகப் பார்த்தாய். நான் அதை எடுத்து வைத்து, "சொல்லுடா, எவ்வளவு?" என்று கத்தினேன். நீ வாளியில் திரும்ப உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இறக்கு அக்கா... இன்னும்... நிறுத்து, போதும்!" என்று என்னைவிடப் பெரிதாகக் கத்தினாய். முன்னறையிலிருந்து ரே, "ரெண்டு பேரும் சண்டையை வெச்சுக்கிட்டு குழாயை விட்டுடாதீங்க!" என்றார். நான் இந்த வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ரே தேறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். மூச்சு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தன் கட்டிலில், தன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். பைஜாமா அலமாரிக்குத் திரும்பிவிட்டது.

நேற்றுக் காலை நான் கெட்டில் போட்ட சத்தம் கேட்டு, "என்ன வின், உறைஞ்சிடுச்சா?" என்றார், பாவம், குரலே மாறிப்போய்.

"இல்ல. டீதான்" என்றேன்.

"முழுக் கெட்டிலுமா?"

"முழுக் கெட்டிலும்."

அவர் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தேன். ஒன்பது வருடக் கடனில் முதல் கோப்பை.

ஃபோன் விஷயத்தில் நம் ஒப்பந்தம் அப்படியே இருக்கட்டும். ஃபோனில் பேசினால் நீ கடிகாரத்தைப் பற்றி ஆரம்பிப்பாய். கடிதமே எழுது. நான்கு வரி போதும், ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனாலும் ஆகட்டும், எவ்வளவு சின்ன எழுத்தாக இருந்தாலும் சரி. கிழித்துப் போடாமல் முதல் காகிதத்தையே அனுப்பு.

பூதக்கண்ணாடி வாங்கிவிட்டேன்.

இன்னமும் கோபம் தீராத
அக்கா
வின்னி